லண்டனின் இரண்டு ராட்டினங்கள்

தேம்ஸ் கரையில் நிற்கும் 'லண்டன் ஐ'தான் அந்நகரின் முதல் ராட்சத ராட்டினம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்கு நூறாண்டுக்கு முன்பே லண்டனில் ஒன்று சுற்றியது. 1895-இல் ஏர்ல்ஸ் கோர்ட்டில் இந்தியப் பேரரசுக் கண்காட்சி நடந்தபோது எழுப்பப்பட்டது அது. உயரம் சுமார் 94 மீட்டர். 40 பெட்டிகள், பெட்டிக்கு 40 பேர். ஏறத்தாழ 25 லட்சம் பேரைச் சுமந்துவிட்டு 1906-இல் நின்றது. மறு ஆண்டே பிரித்தெடுத்துவிட்டார்கள்.

இன்றைய ராட்டினத்தின் உயரம் 135 மீட்டர். 32 கண்ணாடிக் கூண்டுகள், கூண்டுக்கு 25 பேர் வரை. பழைய பெட்டிகள் இரண்டு சக்கர வளையங்களுக்கு நடுவே தொங்கின. இருபுறமும் இரும்புச் சட்டங்கள் பார்வையை மறித்தன. இப்போது கூண்டுகள் வளையத்துக்கு வெளியே இருக்கின்றன. மோட்டார் ஒவ்வொன்றையும் சாயாமல் நிமிர்த்திப் பிடிக்கிறது. உச்சிக்குப் போனால் நான்கு திசையும் திறந்து கிடக்கும். அன்று ராட்டினத்தை நிறுத்தித்தான் ஆளேற்றினார்கள். இன்று அது விநாடிக்கு 26 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்க, நாம் நடந்து உள்ளே போகிறோம். சக்கர நாற்காலியில் வருபவர் போன்றோருக்காக நிறுத்துகிறார்கள். ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம்.

இதை வடிவமைத்த டேவிட் மார்க்ஸ், ஜூலியா பார்ஃபீல்டு தம்பதியர், புத்தாயிரமாண்டுச் சின்னத்துக்காக 1993-இல் நடந்த போட்டிக்கு அனுப்பிய யோசனை இது. போட்டியில் யாருக்கும் பரிசு கிடைக்கவில்லை. ஆனாலும் இருவரும் விடவில்லை. ஆற்றின் மேலேயே சக்கரத்தைப் படுக்கைவாட்டில் பூட்டி, 1999-இல் மெல்ல நிமிர்த்தினார்கள். 2000 மார்ச்சில் மக்கள் ஏறினர். முதலில் கிடைத்த அனுமதி ஐந்தாண்டுக்கு மட்டுமே.

பக்கத்துக் கவுண்டி ஹாலில் ஒரு காலத்தில் லண்டன் மாநகர மன்றம் இயங்கியது. 1986-இல் அந்த மன்றம் கலைக்கப்பட்டது. நகரத்தின் வரியும் வீடும் பள்ளியும் விவாதிக்கப்பட்ட கட்டடத்தில் இன்று ஹோட்டலும் மீன் காட்சியகமும் இருக்கின்றன. கரை கலகலப்பாகியிருப்பது உண்மை. ஆனால் மக்களாட்சியின் ஓர் அவை இருந்த இடம் பொழுதுபோக்கிடமானதை என்னால் லாபக் கணக்கில் சேர்க்க முடியவில்லை.

உயரப் பெருமையும் நிலைக்கவில்லை. லண்டனில் பொதுமக்கள் ஏறிப் பார்க்கக்கூடிய மிக உயரமான இடம் என்ற பெயரை 2013-இல் 310 மீட்டர் உயர ஷார்ட் கோபுரம் எடுத்துக்கொண்டது. அங்கே லிஃப்ட் விரைவாக மேலே கொண்டுபோய் விடும். நகரம் மெல்ல மெல்லக் கீழிறங்கி விரிவதைக் காண இன்றும் ராட்டினம்தான் வேண்டும்.

ஏர்ல்ஸ் கோர்ட் ராட்டினத்தின் ஆயுள் பன்னிரண்டு ஆண்டுக்குள் முடிந்தது. ஐந்தாண்டுக்கென வந்த இதற்கோ, நிரந்தரமாக நிற்க 2024-இல் லாம்பெத் உள்ளாட்சி மன்றம் அனுமதி வழங்கியது.