ரப்பர் சரியில்லை என்றால் லட்ச ரூபாயும் வீண்

திருப்பூர் பனியன் கம்பெனியில் பாட்டு இல்லாமல் ஷிப்ட் நகராது. ஒரு காலத்தில் ஹாலின் மூலையில் ஸ்பீக்கரைக் கட்டிவிடுவார்கள், எல்லோருக்கும் ஒரே பாட்டு. இளையராஜாதான் வேண்டும் என்பவரும் புதுப்பாட்டுப் போடு என்பவரும் சண்டை போட்டுக்கொண்டே தைப்பார்கள். இப்போது அந்தச் சண்டை ஓய்ந்துவிட்டது. ஓவர்லாக், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் என்று எந்த செக்‌ஷனுக்குப் போனாலும் ஆளுக்கொரு இயர்போன். பெரும்பாலும் ஒரு காதில்தான் இருக்கும். இன்னொரு காது சூப்பர்வைசருக்கு.

செல்போன் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதும் காதுத் துளைக்குள் செருகும் ‘இன்-இயர்’ வகைதான். ஜெர்மனியின் சென்ஹைசர் 2021இல் கொண்டுவந்த ஐஇ 900-உம் அதே வகைதான். விலையோ லட்ச ரூபாயைத் தாண்டும். இரண்டுக்கும் நடுவே அப்படி என்னதான் இருக்கிறது? உலோகமும் காந்தமும் நுட்பமும் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த லட்ச ரூபாய் ஒலி உங்கள் செவிப்பறைக்குப் போய்ச் சேருமா சேராதா என்பதை முடிவு செய்வது, முனையில் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் டிப்தான். அதனால்தான் இந்தக் கருவியில் ஒலியையும் சௌகரியத்தையும் தனித்தனியாக எடைபோட முடிவதில்லை.

முதலில் உள்ளே இருப்பதைப் பார்த்துவிடுவோம். ஒலி எழுப்பும் பாகத்துக்கு டிரைவர் என்று பெயர். ‘டைனமிக்’ வகையில் ஒரு காந்தம், அதன் இடைவெளியில் கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய மெல்லிய சவ்வு. திருவிழாவில் கட்டுகிற பெரிய ஸ்பீக்கரும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஐஇ 900-இல் இந்தச் சவ்வின் குறுக்களவு 7 மில்லிமீட்டர். இன்னொரு வகை ‘பேலன்ஸ்டு ஆர்மச்சர்’: அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய உலோகப் பெட்டிக்குள், காந்தங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய தகடு துடிக்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர் நதானியேல் பால்ட்வின் 1910வாக்கில் வீட்டுச் சமையலறையில் செய்து கடற்படைக்கு அனுப்பிய ஹெட்போனிலேயே இந்தத் தத்துவம் இருந்தது. பிறகு காது கேட்கும் கருவிகளுக்குள் புகுந்து நன்றாகச் சிறுத்தது.

அந்தக் காதுக்கருவி உலகத்திலிருந்துதான் உயர்தர இன்-இயரும் பிறந்தது. செவிப்புலன் ஆய்வாளர் மீட் கில்லியன் தொடங்கிய எடிமோட்டிக் நிறுவனம் 1991இல் இஆர்-4 என்ற இயர்போனை வெளியிட்டது. காதுக்கு ஒரே ஒரு ஆர்மச்சர். முனையில் மூன்றடுக்கு ரப்பர். 1995இல், வான் ஹேலன் ராக் குழுவின் ஒலிப்பொறியாளர் ஜெர்ரி ஹார்வி, டிரம்ஸ் வாசித்த அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காது அச்செடுத்துச் செய்துகொடுத்ததிலிருந்து ‘அல்டிமேட் இயர்ஸ்’ நிறுவனம் கிளம்பியது. இன்றைக்கு மேடையில் பாடகர்கள் காதில் செருகியிருப்பது அந்த வம்சம்தான்.

அதன் பிறகு டிரைவர் எண்ணிக்கையில் போட்டி வந்தது. 2013இல் வந்த ஷூர் எஸ்இ846-இல் காதுக்கு நான்கு ஆர்மச்சர்கள். அதில் இரண்டு பேஸுக்கு மட்டும். பேஸ் டிரைவரிலிருந்து மேல்சுருதி ஒலி கசியக் கூடாதே! அதற்காகப் பத்துத் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை அடுக்கிப் பற்றவைத்து, அவற்றுக்குள் நாலு அங்குல நீளத்துக்கு ஒரு வளைவுப் பாதை வெட்டியிருக்கிறார்கள். கட்டைவிரல் நகத்தளவு இடத்துக்குள் நாலு அங்குலப் பாதை! பொறியியலாகப் பார்த்தால் கைதட்டலாம். ஆனால் இஆர்-4-இல் டிரைவர் ஒன்று, ஐஇ 900-இல் ஒன்று, எஸ்இ846-இல் நான்கு. மூன்றுக்கும் உயிரை விடும் ரசிகர்கள் உண்டு. பெட்டியில் போட்டிருக்கும் டிரைவர் எண்ணிக்கையைப் பார்த்து விலை பேசுகிறவர் ஏமாறத் தயாராக இருக்கிறார் என்று அர்த்தம்.

விஷயம் சூடு பிடிப்பது காதுக்குள் போன பிறகுதான். நம் காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். ஒரு பக்கம் திறந்திருக்கும், மறுபக்கம் செவிப்பறை மூடியிருக்கும். இப்படிப்பட்ட குழாய்க்கு இயல்பாகவே ஒரு ஒத்ததிர்வு உண்டு. 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் வரும் ஒலியை அது 10 டெசிபலுக்கும் மேல் உயர்த்திவிடும். பிறந்ததிலிருந்து அப்படியே கேட்டுப் பழகிய மூளைக்கு அதுதான் இயற்கையான ஒலி. இயர்போனைச் செருகித் துளையை அடைத்ததும் அந்த ஒத்ததிர்வு போய்விடுகிறது. போனதை இயர்போனே திரும்பச் சேர்த்துக்கொடுக்க வேண்டும். எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் நல்ல தயாரிப்பும் மட்டமான தயாரிப்பும் பிரிகின்றன. குறைந்தால், பாடகர் அடுத்த அறையிலிருந்து பாடுவதுபோல் இருக்கும். கூடினால் நாதஸ்வரம் காதைத் துளைக்கும். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் நிறையப் பேரை உட்காரவைத்துக் கேட்கச் செய்து, பெரும்பாலோருக்குப் பிடித்த அளவுக்கு ஒரு வரைகோடு போட்டார்கள். இன்று பல கம்பெனிகள் அதை ஒட்டியோ, அதிலிருந்து வேண்டுமென்றே விலகியோதான் ஒலியை அமைக்கின்றன.

அத்தோடு முடியவில்லை. டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவில் மிஞ்சும் காற்றுக்கும் தனியாக ஒரு ஒத்ததிர்வு உண்டு. இரண்டு சென்டிமீட்டர் மிஞ்சினால் அது 8,500 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். ‘ஸ்’ என்ற சீறலும் ஜால்ராவின் கூர்மையும் இருக்கிற இடம் அது. இன்னும் ஆழமாகச் செருகினால் மிஞ்சும் இடம் குறையும், ஒத்ததிர்வு மேலே ஏறிவிடும். ஒரே இயர்போன் ஒருவருக்கு இனிப்பதும் இன்னொருவருக்குக் குத்துவதும் பாதி இதனால்தான். திருப்பூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். துணியை ரவுண்ட் கட்டரில் 100 சதுர சென்டிமீட்டருக்கு வெட்டி எடை போட்டால், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற ஜிஎஸ்எம் கணக்கு தெரிந்துவிடும். ஆனால் ஒரே 180 ஜிஎஸ்எம் உள்ள இரண்டு துணிகள் உடம்பில் ஒரே மாதிரி உட்காருவதில்லை. இயர்போன் விமர்சனங்களில் போடும் வரைபடமும் அந்த ஜிஎஸ்எம் மாதிரிதான். உலோகத்தால் செய்த செயற்கைக் காதில் அளந்தது அது; உங்கள் காதில் அளந்தது இல்லை.

பேஸ் விஷயம் இன்னும் நேரடியானது. துளை காற்றுப் புகாமல் அடைபட்டிருந்தால், உள்ளே இருக்கும் துளிக் காற்றை அமுக்கி விரிக்க 7 மில்லிமீட்டர் சவ்வே தாராளம். 20 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும். மயிரிழை இடைவெளி விழுந்தாலும் முதலில் காணாமல் போவது பேஸ்தான். மிருதங்கத்தில் வலந்தலை கணீரென்று கேட்கும், தொப்பி மட்டும் எங்கோ போய்விடும். ஒரு சின்னச் சோதனை: பாட்டு ஓடும்போது இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் உங்கள் டிப் அளவு தப்பு. டப்பாவில் வரும் மூன்று ஜோடியில் நடுஅளவு ஏற்கெனவே மாட்டியிருக்கும்; அதை மாற்றிப் பார்க்காமலே ‘இதில் பேஸ் இல்லை’ என்று தீர்ப்பு எழுதுபவர்கள் ஏராளம். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இடதுக்கு மீடியம், வலதுக்கு லார்ஜ் என்று மாட்டுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது.

செருகுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. காதுக்குழாய் நேராக இல்லை, வளைந்து போகிறது. எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதின் மேல்நுனியைப் பிடித்து மேலும் பின்னும் இழுத்தால் வளைவு நிமிரும். அப்போது செருக வேண்டும். குழாயின் வெளிப்பகுதி குருத்தெலும்பு, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். உள்ளே போகப் போக எலும்பின்மேல் மெல்லிய தோல் மட்டும்தான். அங்கே அழுத்தம் பட்டால் வலிக்கும். இஆர்-4 ஆழமாகப் போய் உட்காரும் கருவி. வெளிச் சத்தத்தில் 35 முதல் 42 டெசிபல் வரை தடுக்கும் என்று எடிமோட்டிக் சொல்கிறது. அந்தத் தடுப்புக்குக் கொடுக்கும் விலை, மூன்றடுக்கு ரப்பர் உள்ளே நிற்கும் உணர்வு. சிலருக்குச் செருகும்போதே இருமல் வரும். வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுக்குழாய் வரை வருவதுதான் காரணம், பயப்பட ஒன்றுமில்லை. ஐஇ 900 சின்ன உடம்போடு மேலோட்டமாக உட்காருவதால் நெடுநேரம் போட்டிருக்கலாம். ஆனால் இஆர்-4 அளவுக்கு வெளிச் சத்தத்தை அது அடைக்காது.

ரப்பர் ஒத்துவராதவர்களுக்கு ஃபோம் டிப் உண்டு. ஆலைகளில் கொடுக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் இருக்கிறதே, அதே ரகம். உருட்டிச் செருகினால் அரை நிமிடத்தில் விரிந்து துளையின் வடிவத்துக்கு ஏற்ப நிற்கும். கசிவு இல்லை, வலி இல்லை. நம் வெயிலில் வியர்வை குடித்து, சில வாரங்களில் நைந்துபோவதுதான் தொல்லை. நன்றாக அடைத்தாலும் இன்னொரு சங்கடம் வரும்: நடந்தால் காலடி ‘தொம் தொம்’ என்று கேட்கும், முறுக்குக் கடித்தால் உள்ளே கல் உடைவதுபோல் இருக்கும். எலும்பு வழியாக வரும் ஒலி வெளியேற வழியில்லாததால் வரும் அடைப்பு விளைவு இது. 2019இல் வந்த ஏர்பாட்ஸ் புரோ, அழுத்தம் வெளியேற ஒரு சின்னத் துவாரம் வைத்தே இந்த அசௌகரியத்தைக் குறைத்தது. ஒலியின் நுட்பத்தில் அது முதலிடம் பிடிக்காது. நாள் முழுக்க மறந்துபோய்ப் போட்டிருக்க முடிவதில் பல விலையுயர்ந்த கருவிகளைத் தோற்கடிக்கும்.

வெளிச் சத்தத்தை அடைப்பதைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் இந்த ஊர்தான். வட்டப் பின்னல் மெஷின்கள் வரிசையாக ஓடும் நிட்டிங் ஹாலில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவரிடமே குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். அப்படிப் பேச நேர்ந்தால் சத்தம் சுமார் 85 டெசிபலை எட்டிவிட்டது என்பது பொதுவான கணக்கு. பல்லடம், சோமனூர் விசைத்தறிக் கூடங்களில் இன்னும் மோசம். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையை, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் சேர்த்திருந்தது.

அந்த இரைச்சலில் கசியும் இயர்போனைப் போட்டால் என்ன செய்வோம்? மெஷின் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்கும்வரை வால்யூமை ஏற்றுவோம். ஒற்றைக் காதில் கேட்பவருக்கு இன்னும் கேடு: இரண்டு காதும் சேர்ந்து கேட்கும்போது கிடைக்கும் கூடுதல் உரப்பு போய்விடுவதால், அந்த ஒரு காதில் மேலும் ஏற்ற வேண்டிவரும். நன்றாக அடைக்கும் டிப் போட்டவர் அதே பாட்டை வெகுவாகக் குறைந்த வால்யூமில் கேட்டுவிடலாம். அதற்காக நிட்டிங் ஹாலில் இயர்போனையே காதுப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஊசியில் கோளாறு என்றால் மெஷினின் சத்தம் மாறுவதை வைத்தே ஃபிட்டர் கண்டுபிடிப்பார். வண்டி பின்னால் வருவதும் கேட்க வேண்டும். பாட்டு ஓடினால் இரண்டும் அதில் மறைந்துவிடும். அங்கே போட வேண்டியது முறையான காதடைப்பான். இயர்போனை கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சலை மின்னணு முறையில் ரத்து செய்யும் வசதியும் பஸ் இன்ஜினின் உறுமலுக்குத்தான் நன்றாக வேலை செய்யும். ஊசிகளின் கடகடப்புப் போன்ற மேல்சுருதிச் சத்தத்துக்கு ரப்பரோ ஃபோமோதான் துணை.

பனியன் கம்பெனிக்காரர்களுக்கென்று தனியாக ஒரு குறிப்பு: ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்துவிட்டால் உடனே தூக்கி எறிய வேண்டாம். டிப்பைக் கழற்றினால் முனையில் ஒரு வலை தெரியும். காதழுக்கோடு பஞ்சுத் தூசியும் சேர்ந்து அதை அடைத்திருக்கும். முனையைக் கீழே பார்த்துப் பிடித்துக்கொண்டு, காய்ந்த மென்மையான பிரஷால் தட்டினாலே பல நேரம் உயிர் வந்துவிடும்.

இரண்டு இயர்போனை ஒப்பிடும்போது முதலில் வால்யூமைச் சமன் செய்யுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது ‘இதுதான் தரம்’ என்று நினைத்துக்கொள்ளும். கடைக்காரருக்கும் அது தெரியும். தெரிந்த பாட்டாகப் போடுங்கள். இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பு இதற்கு வசதி: வயலின் கூட்டத்துக்குள் தனித்தனி இழை பிரிகிறதா, அடியில் பேஸ் கிட்டார் குழம்பாமல் நடக்கிறதா என்று இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடலாம். என் கணக்கில், சில நூறு ரூபாயிலிருந்து இரண்டு மூன்று ஆயிரத்துக்கு ஏறும்போது கிடைக்கும் வித்தியாசம்தான் பெரியது. சீனாவின் மூன்ட்ராப் போன்ற கம்பெனிகள் அந்த விலையிலேயே அசத்துகின்றன. அதற்கு மேல் லட்சம் வரைக்கும் நுணுக்கங்கள் ஏறும், ஆனால் விலை ஏறும் வேகத்தில் ஏறாது.

கடையில் ஐந்து நிமிடம் கேட்டால் ஒலி தெரியும், வலி தெரியாது. அதற்கு ஒரு மணி நேரமாவது போட்டிருக்க வேண்டும். காதுக்குள் போன பொருளைத் திருப்பி எடுக்கப் பல கடைகள் சம்மதிப்பதில்லை. ஆகவே புதிதாக ஒன்று வாங்கும் முன், கையில் இருக்கும் இயர்போனுக்குச் சில நூறு ரூபாயில் இரண்டு மூன்று அளவு டிப்களும் ஒரு ஜோடி ஃபோமும் வாங்கி மாட்டிப் பாருங்கள்.