கோஷியென் மண்

ஜப்பானுக்குப் போகிறோம் என்றதும் பக்கத்து வீட்டு மாமி முதல் ஆபீஸ் தோழிகள் வரை எல்லோரும் கேட்டது ஃபியூஜி மலையையும் கியோட்டோ கோயில்களையும் பற்றித்தான். இரண்டையும் பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஆகஸ்டு மாத வெயிலில், தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, விதிகள் பாதி புரியாத ஒரு பந்தாட்டத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்துவிட்டு, முன்பின் அறியாத ஒரு பையனுக்காகக் கண் கலங்கி வந்தேனே, அந்தக் கதை.

ஒஸாகாவில் என் தம்பி உத்தியோகமாக இருக்கிறான். இழுத்துக்கொண்டு போனவன் அவன்தான். "அக்கா, கோயில் எங்கேயும் ஓடிப் போகாது. கோடைக் கோஷியென் ஆகஸ்டில் மட்டும்தான்" என்றான். என் வீட்டுக்காரருக்கோ கிரிக்கெட் என்றால் உயிர். பேஸ்பால் என்றால் ஓர் இளக்காரம். "மட்டையா அது? உருட்டுக் கட்டை!" என்று முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் எங்களுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

ஒஸாகாவின் உமேதா நிலையத்தில் ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் கோஷியென் வந்துவிடுகிறது. இறங்கியதும் எதிரே, சுவரெல்லாம் பச்சைக் கொடி படர்ந்த ஒரு பெரிய கோட்டை. அதுதான் ஸ்டேடியம். ஏறக்குறைய 47,000 பேர் உட்காரலாம். 1924-ஆம் வருஷம் மார்ச் மாதம் வேலையைத் தொடங்கி ஐந்து மாதத்துக்குள் கட்டி முடித்து, ஆகஸ்டு முதல் தேதி திறந்துவிட்டார்களாம். நம் தெருவில் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெயருக்கும் ஒரு காரணம் உண்டு. நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷச் சக்கரம் இருப்பது போல ஜப்பானியருக்கும் ஓர் அறுபது வருஷச் சக்கரம் இருக்கிறது. அதில் முதலாவது வருஷத்தின் பெயரை எழுதும் எழுத்துக்களைச் சேர்த்துப் படித்தால் 'கோஷி'. 1924 அப்படி ஒரு வருஷம். நல்ல வருஷத்தில் பிறந்த பிள்ளைக்கு வருஷத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இது 'ஹன்ஷின் டைகர்ஸ்' என்ற தொழில்முறைக் குழுவின் சொந்த மைதானம். ஆனால் ஆகஸ்டு வந்தால் புலிகள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு ஆடப் போய்விட வேண்டும். மகள் பிரசவத்துக்கு வந்தால் அப்பா அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டுத் திண்ணைக்குப் போவதில்லையா, அப்படி. உள்ளே வருகிறவர்கள் பள்ளிக்கூடப் பையன்கள். பதினாறு, பதினேழு, பதினெட்டு வயது.

பேஸ்பால் ஜப்பானுக்கு வந்ததே பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான். 1872-ல் டோக்கியோவில் வேலை பார்த்த ஹொரேஸ் வில்ஸன் என்ற அமெரிக்க வாத்தியார் தம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்பது சரித்திரம். உயர்நிலைப் பள்ளிகளுக்கான கோடைப் போட்டி 1915-ல் தொடங்கியது. மைதானம் கட்டியதிலிருந்து இங்கே நடக்கிறது. நாடெங்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் அந்தந்த மாகாணத்தில் மோதி, கடைசியில் 49 பள்ளிகள் கோஷியென் வந்து சேர்கின்றன. ஒரு தடவை தோற்றால் போயிற்று. மறுநாள் ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். மூன்றாம் வருஷத்துப் பையன் என்றால் அவனுடைய பள்ளி ஆட்டமே அன்றோடு முடிந்தது.

"இது என்ன அநியாயம்? ஒரு நாள் கை சரியில்லை என்றால் மூன்று வருஷ உழைப்பும் போச்சா?" என்றார் இவர்.

"அதனால்தான் அத்தான், ஊரே பார்க்கிறது" என்றான் தம்பி.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். சதுரத்தைக் கோணலாக வைத்தது போல் நான்கு மூலைகள். அதில் ஒரு மூலைக்கு 'ஹோம்' என்று பெயர், அதாவது வீடு. அங்கே நின்று பந்தை அடித்துவிட்டு ஓட வேண்டும். மற்ற மூன்று மூலைகளையும் சுற்றி மறுபடி வீடு வந்து சேர்ந்தால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் எதிர்க் கட்சியின் முறை. இப்படி ஒன்பது சுற்று. வெளியே போனவன் பத்திரமாக வீடு திரும்புகிறானா என்பதுதான் மொத்த ஆட்டமும். நாம் தினமும் சாயங்காலம் வாசலில் நின்று பார்க்கிற விஷயந்தானே!

எங்களுக்கு டிக்கெட் கிடைத்தது 'ஆல்ப்ஸ்' பகுதியில். ஒரு காலத்தில் வெள்ளைச் சட்டைக் கூட்டம் அங்கே நிறைந்திருந்தது பனி மலை போலத் தெரிந்ததாம். அதிலிருந்து அந்தப் பெயர். ஆடுகிற பள்ளிகளின் ஆசிரியர்கள், மாணவிகள், பெற்றோர், பழைய மாணவர்கள் எல்லோருக்கும் அதுதான் இடம். பாண்டு வாத்தியம் காதைத் துளைக்கிறது. நம் ஊர்க் கல்யாணத்தில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவளுக்கே தலை கிறுகிறுத்தது.

வெயில் வேறு. 1957 முதல் அங்கே ஒரு பண்டம் விற்கிறார்கள்: உடைத்த பனிக்கட்டியை பிளாஸ்டிக் பையில் போட்டு, உறிஞ்ச ஒரு குழலும் தருவார்கள். முதலில் பிடரியில் வைத்துக்கொள்ள வேண்டும். உருகிய பிறகு குடிக்க வேண்டும். நான் மூன்று பை வாங்கினேன். உட்கார்ந்திருக்கிற எனக்கே இந்தக் கதி என்றால் பந்து வீசுகிற பிள்ளை என்ன ஆவான்? 2018-ல் அகிதா மாகாணத்து விவசாயப் பள்ளிப் பையன் ஒருவன் இறுதி ஆட்டம் வரை ஆறு ஆட்டங்களில் 881 பந்து வீசினான். நாடே அவனைக் கொண்டாடியது. எனக்கானால் அவன் தோளைப் பெற்றவள் தடவிக் கொடுத்திருப்பாளே என்றுதான் தோன்றியது. 2020-லிருந்து ஒருவன் ஒரு வாரத்தில் 500 பந்துக்கு மேல் வீசக்கூடாது என்று விதி போட்டிருக்கிறார்கள். 2024-ல் முதல் மூன்று நாள் உச்சி வெயிலைத் தவிர்த்துக் காலையிலும் மாலையிலுமாக ஆட்டம் நடத்தினார்கள். இன்னும் கொஞ்சம் முன்னாலேயே செய்திருக்கலாம்.

பெண்கள் விஷயத்திலும் அப்படித்தான். குழுவின் எடுபிடி வேலைகளையெல்லாம் செய்யும் மாணவி ஒருத்தி 2016-ல் பயிற்சியின்போது மைதானத்தில் கால் வைத்ததற்காக வெளியே அனுப்பப்பட்டாள். ஊரெல்லாம் பேச்சாயிற்று. மறு வருஷம், ஹெல்மெட் போட்டுக்கொண்டால் பயிற்சியின்போது வரலாம் என்றார்கள். 2021-ல் பெண்கள் உயர்நிலைப் பள்ளிப் போட்டியின் இறுதி ஆட்டமே முதல் முறையாக அந்த மைதானத்தில் நடந்தது. ஐந்தே வருஷம்!

என் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். பள்ளியின் பெயர் போட்ட தொப்பி. மடியில் ஒரு கைப்பை. இரவெல்லாம் பஸ்ஸில் வந்தார்களாம். நான் விசிறிக்கொள்வதைப் பார்த்துவிட்டுத் தம்முடைய விசிறியை என்னிடம் கொடுத்தார். பிள்ளை ஆடுகிறானா என்று தம்பி மூலம் கேட்டேன். "குழுவில் இருக்கிறான்" என்று மட்டும் சொன்னார். ஒரு குழுவில் 20 பேர். ஆடுகிறவர்கள் 9 பேர்.

ஸைரன் ஊதியது. இரண்டு குழுக்களும் எதிரெதிரே வரிசையாக நின்று குனிந்து வணங்கின. ஆட்டம் தொடங்கிற்று. இந்த ஸைரனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆகஸ்டு 15-ஆம் தேதி நடுப்பகல் 12 மணிக்கு ஆட்டத்தை நிறுத்தி, ஸைரன் ஊதி, யுத்தத்தில் இறந்தவர்களுக்காக எல்லோரும் ஒரு நிமிஷம் மௌனமாக நிற்பார்கள். நாம் கொடியேற்றி மிட்டாய் வழங்கும் அதே தேதி. யுத்தத்தின்போது இந்த மைதானத்தின் இரும்புக் கூரையையே 1943-ல் பிரித்து உலோகத்துக்காகக் கொடுத்துவிட்டார்களாம்.

எங்கள் பள்ளி (அதற்குள் அது 'எங்கள் பள்ளி' ஆகிவிட்டது) முதலில் இரண்டு ரன் முன்னால் போயிற்று. இவருக்கு மிகவும் பிடித்தது 'தியாக அடி'. தான் அவுட்டாவோம் என்று தெரிந்தே ஒரு பையன் பந்தை லேசாகத் தட்டிவிட்டு ஓடுவான், அவன் அவுட், ஆனால் அவனுக்கு முன் போனவன் ஒரு மூலை முன்னேறிவிடுவான். "கிரிக்கெட்டில் இது கிடையாதே!" என்று மெதுவாகச் சொன்னார். அவர் வாயால் அதைக் கேட்டதற்கே டிக்கெட் காசு தகும்.

ஏழாவது சுற்றில் எதிர்க் கட்சி நான்கு ரன் எடுத்துவிட்டது. எங்களுக்கு மூன்று. ஒன்பதாவது சுற்றில் இரண்டு பேர் அவுட். இரண்டாவது மூலையில் ஒருவன் நிற்கிறான். அப்போது ஆட்டக்காரனை மாற்றினார்கள். முதுகில் 17 என்று எண் போட்ட ஒரு சின்னப் பையன் மட்டையுடன் ஓடி வந்தான். பக்கத்து அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை, தெரிந்துவிட்டது.

முதல் பந்தை விட்டான். இரண்டாவதை அடித்தான். பந்து தரையோடு உருண்டது. எதிர்க் கட்சிக்காரன் எடுத்து எறிந்தான். பையன் ஓடி, கடைசி இரண்டு கஜத்துக்குத் தலைகுப்புறப் பாய்ந்து கையை நீட்டினான். புழுதி அடங்கியபோது நடுவரின் கை மேலே இருந்தது. அவுட்.

என் மணிக்கட்டில் ஐந்து விரல் பதிந்திருந்தது.

மறுபடி ஸைரன். ஜெயித்த பள்ளியின் பாட்டும் கொடியும் முடிந்ததும், தோற்ற பையன்கள் ஓடி வந்து எங்கள் பகுதிக்கு முன்னால் வரிசையாக நின்று வணங்கினார்கள். நிமிர முடியாமல் அழுதார்கள். எதிர்க் கட்சியின் ஆல்ப்ஸிலிருந்தும் கைதட்டல் வந்தது. பிறகு அவர்கள் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அந்தக் கரிய மண்ணை வாரிப் பூட்ஸ் பைகளில் போட ஆரம்பித்தார்கள்.

தோற்றவர்கள் மண் எடுத்துப் போவது கோஷியென் வழக்கம். இதைத் தொடங்கியவர் 1937-ல் ஆடிய கவாகாமி என்பாரும் உண்டு. இல்லை, 1949-ல் ஆடிய ஒரு பையன் என்பாரும் உண்டு. ஆனால் இந்த மண்ணைப் பற்றித் தம்பி சொன்ன ஒரு சம்பவத்துக்குச் சந்தேகமே கிடையாது. 1958-ல் ஒகினாவாத் தீவிலிருந்து முதல் முதலாக ஒரு பள்ளி கோஷியென் வந்தது. ஷூரி என்று பெயர். ஒகினாவா அப்போது அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. பையன்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்று, மண்ணை அள்ளிக்கொண்டு கப்பலேறினார்கள். நாஹா துறைமுகத்தில் அதிகாரிகள் தடுத்தார்கள். தாவர நோய்த் தடுப்புச் சட்டப்படி அது அயல் நாட்டு மண், இறக்கக்கூடாது. அவ்வளவு மண்ணையும் கொட்டிவிட்டார்கள்.

செய்தி தெரிந்து ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானப் பணிப்பெண் ஒருவர் யோசித்தார். மண்ணுக்குத்தானே தடை? கல்லுக்கு இல்லையே! கோஷியென் கூழாங்கற்களைச் சேகரித்து அந்தப் பள்ளிக்கு அனுப்பி வைத்தார். ஷூரி பள்ளியில் உள்ள ஒரு நினைவுச் சின்னத்தில் அந்தக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். 1972-ல் ஒகினாவா ஜப்பானோடு சேர்ந்தது. 2010-ல் கோனான் என்ற ஒகினாவாப் பள்ளி கோடைக் கோஷியெனையே ஜெயித்தது.

கீழே பையன்கள் இன்னும் மண் வாரிக்கொண்டிருந்தார்கள். பதினேழாம் எண் பையன் மட்டும் கையில் எடுத்த மண்ணை என்ன செய்வது என்று தெரியாதவன் போல் உட்கார்ந்திருந்தான். மற்றொருவன் தன் பையை விரித்துக் காட்ட, அதில் போட்டான்.

அந்த அம்மாள் கைப்பையைத் திறந்தார். உள்ளிருந்து ஒரு சின்னத் துணிப்பை எடுத்தார். நீல நிறம், வாயில் சுருக்குக் கயிறு, மூலையில் வெள்ளை நூலால் 17 என்று தைத்திருந்தது. தையல் சீராக இருந்தது. பல இரவு உட்கார்ந்து போட்ட தையல்.

தம்பி மெதுவாகக் கேட்டுச் சொன்னான். பிள்ளையின் பெயர் குழுப் பட்டியலில் வந்த அன்றைக்கே தைத்தாராம். தைத்து முடித்த பிறகுதான் உறைத்ததாம்: மண் எடுக்கிறவர்கள் தோற்றவர்கள் அல்லவா? இதைக் கொடுத்தால் தோற்றுப் போ என்று பெற்றவளே சொன்னதாக ஆகாதா? நேற்று வரை அலமாரியில் ஒளித்து வைத்திருந்தார். பஸ் ஏறும்போது மனம் கேட்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"49 பள்ளிகளில் 48 பள்ளிகள் தோற்றுத்தான் திரும்புகின்றன என்று எனக்குத் தெரியும்" என்றாராம். "இருந்தாலும்..."

என்ன சொல்வது? பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளையைத் திரும்பிக் கூப்பிட மாட்டோம், தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போனாலும். நான் அந்தப் பையை வாங்கி, உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, "ரொம்ப நன்றாகத் தைத்திருக்கிறீர்கள்" என்றேன். தம்பி அதை மொழிபெயர்த்தான். அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அதற்குள் அடுத்த ஆட்டத்துப் பள்ளிக் கூட்டம் படிகளில் ஏறி வரத் தொடங்கிவிட்டது. இடத்தை உடனே காலி செய்ய வேண்டும். எங்கள் பள்ளிக்காரர்கள் குப்பை பொறுக்கி, மேளத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அந்த அம்மாள் எங்கள் மூவருக்கும் தனித் தனியே குனிந்து வணங்கினார். விசிறியை நீட்டினேன்; வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நீலப் பையை இந்தத் தடவை கைப்பைக்குள் வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு வேகமாகப் படியிறங்கிப் போனார்.