ஒளியின் நிறம் பார்க்குமா ஈர்ப்பு?

சூரியனுக்கு அருகாகச் செல்லும் ஒளி வளைகின்றது என்பது இன்று பாடசாலை மாணவரும் அறிந்த செய்தி. ஆனால், நீல ஒளியும் சிவப்பு ஒளியும் ஒரே அளவில்தான் வளைகின்றனவா என்று கேட்டால் நம்மில் பலர் சற்றுத் தயங்குவோம். கண்ணாடி அரியமொன்றின் ஊடாகச் செல்லும் வெள்ளொளியில் நீலம் கூடுதலாகவும் சிவப்புக் குறைவாகவும் முறிவடைவதை நாம் கண்டிருக்கின்றோம். ஈர்ப்பும் அவ்வாறு தொழிற்படுமாயின், சூரிய கிரகணத்தின்போது சூரியனின் விளிம்பருகே தோன்றும் நட்சத்திரங்களின் ஒளி நிறம் நிறமாகப் பிரிந்திருக்க வேண்டும்.

அவ்வாறு பிரிவதில்லை. அதற்கான காரணம் கலிலியோ காலத்துப் பழையது. பாரமான கல்லைப் பூமி கூடுதலாக இழுக்கின்றது என்பது உண்மையே. ஆயினும் பாரமான கல்லை அசைப்பதற்கும் கூடுதலான விசை தேவை. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், வளித்தடை இல்லாதவிடத்து எல்லாப் பொருள்களும் ஒரே விதமாக விழுகின்றன. 1971 இல் அப்பலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொட் சந்திரனில் ஒரு சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விழவிட்டு இதனைக் காட்டினார். ஒளிக்கும் விதி இதுவே. சக்தி இருமடங்கானால் இழுவையும் இருமடங்கு, சடத்துவமும் இருமடங்கு. ஐன்ஸ்டீன் 1915 இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஈர்ப்பு என்பது விசையன்று, வெளியும் காலமும் கொள்ளும் வளைவே என்றார். வீதியே வளைந்திருக்கும்போது, அதில் செல்வது மாட்டுவண்டியா பேருந்தா என்று வீதி பார்ப்பதில்லை.

1919 மே 29 ஆம் திகதி நிகழ்ந்த கிரகணத்தின்போது பிரின்சிபே தீவில் எடிங்டன் குழுவினரும் பிரேசிலின் சொப்ரால் நகரில் மற்றொரு குழுவினரும் எடுத்த படங்கள் ஒளியின் வளைவை உறுதிப்படுத்தின. ஒரு பாகையின் ஏறத்தாழ 2,000 இல் ஒரு பங்கே அவ்வளைவு. ஆனால் அவை கட்புலனாகும் ஒளியை மட்டுமே காட்டின. சக்தி வேறுபாட்டைச் சோதிக்கும் வாய்ப்பு 1969 முதல் வானொலி வானியலாளருக்கே கிட்டியது. இங்கே ஒரு சிக்கல் இருந்தது. சூரியனைச் சூழ்ந்துள்ள மின்னேற்றம் பெற்ற வாயுவும் வானொலி அலைகளை வளைக்கின்றது. மீடிறன் குறைந்த அலைகளைக் கூடுதலாக வளைக்கின்றது. எனவே ஒரே குவாசரை இரு மீடிறன்களில் அளந்தனர். மீடிறனோடு மாறும் பகுதி வாயுவினுடையது, மாறாத பகுதி ஈர்ப்பினுடையது. தொல்லையாக வந்த வாயுவே ஈர்ப்பின் இயல்பைப் பிரித்துக் காட்ட உதவியது என்பது சுவையானது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியைவிடப் பல்லாயிரம் மடங்கு சக்தி குறைந்த இவ்வலைகளும் ஐன்ஸ்டீன் கூறிய அளவிலேயே வளைவது, ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த வழுவுடன் பின்னர் நிறுவப்பட்டது.

இத்துடன் வினா முடிந்திருக்கலாம். அதனை மீண்டும் எழுப்பியது குவாண்டம் பௌதிகம். வெளியும் காலமும் மிக நுண்ணிய அளவில் சீரான துணி போலன்றி, மணல் போலக் கரடாக இருந்தால் என்ன? நெட்டலைகள் அக்கரட்டினை உணரமாட்டா. அலைநீளம் மிகக் குறுகிய, சக்தி மிகுந்த காமாக் கதிர்கள் உணரக்கூடும். அவ்வாறாயின் அவற்றின் வேகம் இம்மியளவு வேறுபடும். 2004 இல் மகெய்ஜோ, ஸ்மோலின் ஆகியோர் முன்வைத்த 'வானவில் ஈர்ப்பு' இவ்வகைச் சிந்தனையே. வேறுபாடு எவ்வளவு சிறிதாயினும், கோடிக்கணக்கான ஆண்டுகள் பயணிக்கும் ஒளியில் அது சேர்ந்து அளக்கத்தக்கதாகிவிடும்.

2005 ஜூலையில் கானரித் தீவுகளிலுள்ள மஜிக் தொலைநோக்கி, மார்க்காரியன் 501 என்னும் விண்மீன் கூட்டத்திலிருந்து வந்த காமாக் கதிர்களுள் சக்தி கூடியவை ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் பிந்தி வந்ததைப் பதிவு செய்தது. ஐன்ஸ்டீன் தோற்றுவிட்டாரா என்ற பரபரப்பும் எழுந்தது. நமது கருத்தில் அது அவசரமான கேள்வி. ஓட்டப் போட்டியில் ஒருவர் பிந்தி வந்தால், மெதுவாக ஓடினாரா, பிந்திப் புறப்பட்டாரா என்பதை முதலில் அறிய வேண்டுமல்லவா?

விடை 2009 மே 10 இல் வந்தது. சுமார் 730 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த வெடிப்பொன்றின் ஒளியை ஃபெர்மி செய்மதி பதிவு செய்தது. கண்ணுக்குப் புலப்படும் ஒளித்துணிக்கையைவிட ஆயிரம் கோடி மடங்குக்கும் மேற்பட்ட சக்தி கொண்ட ஒரு துணிக்கை, வெடிப்புப் பதிவான ஒரு செக்கனுக்குள் வந்து சேர்ந்தது. மஜிக் கண்ட தாமதம் வெளியின் கரட்டினால் நேர்ந்ததாயின், இத்துணிக்கை நிமிடக் கணக்கில் பிந்தியிருக்க வேண்டும். ஆகவே 2005 இன் தாமதத்தைக் கதிர்கள் புறப்பட்ட இடத்திலேயே தேட வேண்டியதாயிற்று.

2022 ஒக்டோபர் 9 இல் அதனினும் பிரகாசமான வெடிப்பொன்று பதிவாகியது. சீனாவின் சிச்சுவான் மலைகளிலுள்ள லாசோ அவதான நிலையம் அதிலிருந்து 64,000 க்கும் மேற்பட்ட உயர்சக்தித் துணிக்கைகளைப் பெற்றது. 2024 இல் வெளியான அதன் ஆய்விலும் சக்தியைப் பொறுத்த வேக மாற்றம் எதுவும் தென்படவில்லை. சக்திக்கு நேர்விகிதமாக வேகம் மாறும் என்ற எளிய கருதுகோளுக்கு இனி அதிக இடமில்லை. சக்தியின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறும் என்ற நுண்ணிய கருதுகோளோ இன்னும் தளர்வாகவே சோதிக்கப்பட்டுள்ளது. லா பால்மாத் தீவிலும் சிலி நாட்டிலும் அமைக்கப்பட்டு வரும் செரன்கோவ் தொலைநோக்கித் தொகுதி இனி அதனைத் தேடும்.