எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கேள்வி

1.3.6.1.2.1.1.3.0. இந்த எண்வரிசை ஒரு கேள்வி. ‘நீ கடைசியாக இயங்கத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று?’ என்பது இதன் பொருள். சிஸ்கோ ரவுட்டரிடம் கேட்டாலும், ஹெச்பி பிரின்டரிடம் கேட்டாலும், மொபைல் டவரின் அடியில் பேட்டரியைக் கவனிக்கும் சிறு பெட்டியிடம் கேட்டாலும், நொடியில் நூறில் ஒரு பங்கு என்ற கணக்கில் பதில் வரும். சந்தையில் ஒன்றோடொன்று மோதும் நிறுவனங்களின் கருவிகள் இங்கே ஒரே மொழி பேசுகின்றன.

அந்த மொழியின் பெயர் எஸ்என்எம்பி. ‘எளிய நெட்வொர்க் நிர்வாக நெறிமுறை’ என்று சொல்லலாம். ஜெஃப்ரி கேஸ், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் ஆகிய நால்வர் எழுதி, 1988 ஆகஸ்டில் வெளிவந்தது. அதே ஆண்டு இணையத்தின் தொழில்நுட்பப் போக்கை வழிநடத்திய குழு, இது இப்போதைக்குப் போதும், நாளைக்கு சர்வதேசத் தர அமைப்பின் சிஎம்ஐபி என்ற நெறிமுறை வரட்டும் என்று பரிந்துரைத்திருந்தது. சிஎம்ஐபி மிக விரிவானது. தொலைபேசி நிறுவனங்களின் பெரிய கருவிகள் சிலவற்றில் இடமும் பிடித்தது. ஆனால் இணையத்தில் தற்காலிகமாக வந்ததுதான் நிலைத்தது.

கருவியிடம் அது மிகக் குறைவாகவே கேட்டது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். முதல் பதிப்பில் மொத்தம் ஐந்தே வகைச் செய்திகள். ஒரு மதிப்பைக் கேட்கலாம், அடுத்த மதிப்பைக் கேட்கலாம், ஒன்றை மாற்றச் சொல்லலாம். கருவி பதில் சொல்லலாம், ஆபத்து என்றால் கேட்காமலே குரல் கொடுக்கலாம். முன்கூட்டியே இணைப்பு ஏற்படுத்திக்கொள்ளும் சடங்கு கிடையாது. நெட்வொர்க் திணறும்போதுதான் அதன் நிலையை அறிந்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு சின்னத் தரவுப் பொட்டலம் எப்படியாவது புகுந்து போய்விட வாய்ப்புண்டு.

அந்த எண்வரிசைக்குத் திரும்புவோம். நாடு, மாவட்டம், ஊர், தெரு, கதவு எண் என்று இறங்கும் முகவரி போன்றது அது. 1 என்பது சர்வதேசத் தர அமைப்பு; 3 அது அங்கீகரித்த நிறுவனங்கள்; 6 அமெரிக்கப் பாதுகாப்புத் துறை; அடுத்த 1 இணையம். இணையம் அந்தத் துறையின் பணத்தில் பிறந்த வரலாறு, இன்றும் ஒவ்வொரு கேள்வியின் உள்ளேயும் பயணிக்கிறது. இந்த முகவரிகள் எல்லாம் சேர்ந்து ஒரு மரம்போலக் கிளைவிடுகின்றன. அதன் இன்னொரு கிளையில் நிறுவனங்களுக்குச் சொந்த எண்கள் உண்டு. ஐபிஎம்முக்கு 2, சிஸ்கோவுக்கு 9. எண் வேண்டுமென்று விண்ணப்பித்தால் இலவசமாகவே தருகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘அடுத்தது என்ன?’ என்ற கேள்விதான். ஒரு கருவிக்குள் என்ன இருக்கிறதென்றே தெரியாமல், மரத்தின் அடியில் நின்று இதைக் கேட்கலாம். பதிலில் ஒரு முகவரியும் மதிப்பும் வரும். அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு மறுபடி அதையே கேட்டால் அடுத்தது. இப்படியே போனால், எத்தனை போர்ட்டுகள், எது செத்துக் கிடக்கிறது, எதில் எவ்வளவு பைட்டுகள் ஓடின என்று கருவி தன்னையே முழுதாக ஒப்பித்துவிடும்.

எளிமைக்கு விலையும் உண்டு. பைட்டுகளை எண்ண 32 பிட் இடம் ஒதுக்கினார்கள். 429 கோடியே 49 லட்சத்தைத் தாண்டினால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 10 மெகாபிட் கேபிளில் அதற்கு 57 நிமிடம் ஆகும், கவலையில்லை. 1 கிகாபிட் வேகத்தில் 34 நொடியே போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விசாரிக்கும் மென்பொருள், இடையில் எத்தனை முறை சுற்றியது என்று அறியாமல் தப்பான வரைபடம் போடும். அடுத்த பதிப்பில் 64 பிட் எண்ணிக்கை வந்தது. அதே கிகாபிட் வேகத்தில் அது நிரம்ப 4,600 ஆண்டுகளுக்கு மேலாகும்.

அதே எளிமைக்குப் பலனும் உண்டு. 1990-இல் இன்டராப் என்ற நெட்வொர்க் கண்காட்சியில் ஜான் ராம்கி என்பவர் ஒரு ரொட்டி டோஸ்டரை இணையத்தில் இணைத்து, எஸ்என்எம்பி கட்டளையாலேயே சூடாக்கிக் காட்டினார். நெட்வொர்க் கருவிகளுக்காக எழுதிய மொழி சமையலறைக்கும் போதுமானதாக இருந்தது!

யாரும் தவறாகப் பயன்படுத்த மாட்டார்கள் என்ற அந்தக் காலத்து நம்பிக்கை எஸ்என்எம்பியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலிரு பதிப்புகளில் கடவுச்சொல் மறைப்பின்றி அப்படியே பயணிக்கும். பல கருவிகளில் அது ‘பப்ளிக்’ என்றே வைக்கப்பட்டு வந்தது. குறியாக்கமும் ஆள் சரிபார்ப்பும் கொண்ட மூன்றாம் பதிப்பு 2002-லேயே முழுத் தரநிலை ஆகிவிட்டது. உங்கள் அலுவலக ரவுட்டரோ பிரின்டரோ இன்னும் ‘பப்ளிக்’ என்ற சொல்லுக்குப் பதில் சொல்கிறதா என்று கணினிப் பிரிவினரிடம் கேளுங்கள். சொல்கிறது என்றால், இன்றே மாற்றச் சொல்லுங்கள்.