ஈரலின் இறுக்கத்தை அளக்கும் அலை

கல்லீரலில் தழும்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்றறிய ஊசி குத்திச் சதை எடுப்பதே நெடுங்காலம் வழியாக இருந்தது. அந்தத் துணுக்கு முழு ஈரலில் ஏறக்குறைய 50,000-இல் ஒரு பங்குதான். தழும்போ எங்கும் ஒரே சீராகப் படர்வதில்லை. ஆகவே, தழும்பு ஏற ஏற ஈரலில் கூடும் இறுக்கத்தை முதலில் அலையால் அளப்பதே நியாயம் என்பேன். பிரான்சில் உருவான ஃபைப்ரோஸ்கேன் கருவி, விலா இடுக்கில் 50 ஹெர்ட்ஸ் அதிர்வைத் தட்டிவிட்டு, அது பரவும் வேகத்தை அல்ட்ராசவுண்டால் பின்தொடர்கிறது. திசு இறுக இறுக அலை விரையும். வேகம் இரட்டித்தால் இறுக்கம் நான்கு மடங்கு. நலமான ஈரலில் அது 5 கிலோபாஸ்கலை ஒட்டியே இருக்கும். ஈரல் அழற்சியும், இதயத் தளர்ச்சியால் தேங்கும் ரத்தமும், சற்றுமுன் உண்ட சாப்பாடும்கூட இந்த எண்ணை ஏற்றிவிடுமே என்று கேட்கலாம். உண்மைதான். இந்த எண் இறுக்கத்தை மட்டுமே சொல்கிறது. காரணத்தை மருத்துவர்தான் தேட வேண்டும், ஐயம் தீராவிட்டால் ஊசியின் துணையோடு. சோதனைக்குப் போகிறவர்கள் குறைந்தது 3 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போங்கள்.