பாரம் கழன்றால் நிலம் எழும்

ஜோஹன்னஸ்பர்க் மலையூர் அல்ல; அகன்ற புல்வெளியில் அமைந்த நகரம். ஆனால் அந்தப் புல்வெளியே கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் உட்பகுதி பெரும்பாலும் இப்படித்தான், 1,000 மீட்டருக்கு மேல் தூக்கி வைத்த மேசைபோல. விளிம்பில் நிலம் சுவராகச் சரிந்து கடலோரத்துக்கு இறங்குகிறது.

யார் தூக்கி வைத்தது? திபெத் உயர்ந்ததற்கு இந்தியத் தட்டு மோதியது காரணம். தென்னாப்பிரிக்காவிலோ கடந்த 20 கோடி ஆண்டுகளில் எந்தத் தட்டும் மோதவில்லை. கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் உடைந்து, ஒட்டியிருந்த நிலங்கள் விலகிப் போனதுதான் நடந்தது.

ஒரு விளக்கம் மிக ஆழத்திலிருந்து வருகிறது. ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்கு அடியில், சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில், நிலநடுக்க அலைகள் வேகம் குறைந்து செல்லும் பெரும் பகுதி ஒன்று உண்டு. அங்கிருந்து மெல்ல மேலெழும், புவியோட்டுக்கு அடியிலுள்ள கவசப் பாறை, நிலத்தைக் கீழிருந்து தாங்கி உயர்த்துகிறது என்று 1998-இல் லித்கோ-பெர்டெலோனியும் சில்வரும் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

2024-இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஜெர்னன் குழு, அவ்வளவு ஆழம் போகாத இன்னொரு விளக்கத்தை முன்வைத்தது. கண்டம் பிளக்கும் இடத்தில் சூடான கவசப் பாறை மேலேறுகிறது. அது பக்கத்திலுள்ள தடித்த, குளிர்ந்த கண்ட வேரை உரசிச் சுழல்கிறது. வேரின் அடிப்பகுதி கழன்று மூழ்க, அந்த இடத்தில் அடுத்த சுழல் பிறக்கிறது. இப்படியே கடலோரத்திலிருந்து உள்நாட்டுக்கு, பத்து லட்சம் ஆண்டுக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வீதம், இந்தச் சுழல்களின் அலை நகர்கிறது. அடிக்கனம் குறைந்த நிலம், சரக்கு இறக்கிய தோணிபோல மேலே வருகிறது. உயர்ந்ததை மழையும் ஆறும் அரிக்க, பாரம் இன்னும் குறைந்து நிலம் மேலும் எழுகிறது.

சாட்சி சொல்வது வைரம். அதை ஆழத்திலிருந்து மேலே கொண்டுவரும் கிம்பர்லைட் எரிமலைகள், கண்டம் பிரிந்து சுமார் 3 கோடி ஆண்டுகள் கழித்தே பெரும்பாலும் வெடித்தன. அந்த வெடிப்புகள் விளிம்பிலிருந்து உள்நாடு நோக்கி அதே வேகத்தில் நகர்ந்தும் சென்றன. பாறைக் கனிமங்கள் குளிர்ந்த காலத்தைக் கணித்தால், அரிப்பும் அதே திசையில் போனது தெரிகிறது.

அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட இடங்களில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஒன்று. மடகாஸ்கர் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் விலகிய கரை அது. குற்றாலத்துக்குச் சாரல் தரும் அந்தச் சுவருக்கும் ஒரு பிரிவின் கதை உண்டு.