ஜப்பானிய மல்யுத்தப் பட்டமும் ஒன்ராறியோவிலிருந்து சென்ற 'புலி'யும்

ரொறன்ரோ பெருநகரின் கிழக்கே, தமிழர்கள் கணிசமாக வாழும் அஜக்ஸ் நகரிலிருந்து 401ஆம் இலக்க நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் சென்றால் மில்டன் என்ற நகரம் வருகிறது. அங்கு 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்று டைகர் ஜீத் சிங்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கனடாவில் மதிப்புக்குரியவராகக் கருதப்படும் இந்தப் பஞ்சாபியரை, எழுபதுகளின் ஜப்பானியச் சிறுவர்கள் கண்டால் ஓடி ஒளியும் கொடியவராகவே அறிந்திருந்தார்கள்.

இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ள, ஜப்பானில் தொழில்முறை மல்யுத்தப் பட்டங்கள் உருவான விதத்தைப் பார்க்க வேண்டும்.

போரில் தோற்று, அமெரிக்க ஆக்கிரமிப்பிலிருந்து மீண்டிருந்த ஜப்பானில், 1954 பெப்ரவரியில் ரிக்கிடோஸான் என்ற மல்லர் ஷார்ப் சகோதரர்களுடன் மோதினார். தெருமுனைத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன்னே பெருங்கூட்டம் திரண்டது. உயரமான வெள்ளையரை ஒரு ஜப்பானியர் அடித்து வீழ்த்தும் காட்சி, தோல்வியுற்ற நாட்டுக்கு மருந்தாக அமைந்தது. ஆனால் அமெரிக்கர்களாகவே பார்க்கப்பட்ட ஷார்ப் சகோதரர்கள் ஒன்ராறியோவின் ஹாமில்டன் நகரைச் சேர்ந்தவர்கள். ரிக்கிடோஸானோ கொரியாவில் பிறந்தவர். 1963இல் கத்திக்குத்துக்கு இலக்காகி இறக்கும்வரை அந்த உண்மை ஜப்பானிய இரசிகர்களிடமிருந்து மறைக்கப்பட்டிருந்தது.

அடுத்த ஆண்டே 'அனைத்து ஆசிய' பட்டங்கள் தோன்றின. 1955 நவம்பரில் தோக்கியோவில் நடந்த இரட்டையர் போட்டியில் வென்றவர்கள் ஜப்பானியர்கள் அல்லர்: ஹங்கேரியரான கிங்காங்கும் பஞ்சாபைச் சேர்ந்த டைகர் ஜோகிந்தர் சிங்கும்தான். ஆம், தாரா சிங்குடன் மோதியவர் என்று நம் முதியவர்கள் இன்றும் நினைவுகூரும் அதே கிங்காங்! சில நாட்களில் ஒற்றையர் பட்டத்துக்கான போட்டியில் ரிக்கிடோஸான் அவரை வென்றார். அந்த இரட்டையர் பட்டத்துக்காக 'ஆல் ஜப்பான்' நிறுவனம் இன்றளவும் போட்டிகளை நடத்தி வருகிறது.

இப்போட்டிகளின் முடிவுகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுபவை. எனில் பட்டத்துக்கு என்ன பொருள் என்ற கேள்வி எழலாம். யாரைக் காண மக்கள் பணம் கொடுத்து வருவார்கள் என்று நிறுவனம் நம்புகிறதோ, அவரிடமே பட்டம் ஒப்படைக்கப்படுகிறது. ஆயினும் ஜப்பானில் அதற்குரிய சடங்குகள் அரசு விழாவுக்கு நிகரானவை. போட்டிக்கு முன்னர் சாம்பியன் தனது பெல்ட்டைத் திருப்பி ஒப்படைப்பார். இது பட்டத்துக்கான போட்டி என்ற பிரகடனம் மேடையில் வாசிக்கப்படும். சாம்பியன்கள் அரசர்களைப் போல 'இத்தனையாவது' என்று வரிசையெண் இட்டுக் குறிக்கப்படுகிறார்கள். ஒருவர் எத்தனை முறை பட்டத்தைத் தக்கவைத்தார் என்ற கணக்கும் ஆண்டுக்கணக்கில் பேணப்படுகிறது.

ஜீத் சிங் நுழைந்தது இந்த உலகத்துக்குள்தான். லூதியானா மாவட்டத்திலிருந்து அறுபதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த அவர், ரொறன்ரோவில் ஃபிரெட் அட்கின்ஸ் என்பவரிடம் பயிற்சி பெற்றார். ஜப்பானின் ஜயன்ட் பாபாவையும் பயிற்றுவித்தவர் அட்கின்ஸ். ஜீத் சிங் 1973இல் ஜப்பான் சென்றபோது, அன்டோனியோ இனோக்கி முந்தைய ஆண்டில் தொடங்கிய 'நியூ ஜப்பான்' நிறுவனம் புகழ்பெற்ற வெளிநாட்டு மல்லர்கள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தது. தலைப்பாகையுடனும் வாயில் கவ்விய வாளுடனும் வந்த சிங், அந்தக் குறையைத் தனியொருவராகவே நிரப்பினார் எனலாம்.

அவ்வாண்டு நவம்பரில் தோக்கியோவின் ஷிஞ்சுக்கு பகுதியில் இஸெத்தான் அங்காடிக்கு வெளியே, மனைவியுடன் வந்த இனோக்கியை அவர் பட்டப்பகலில் தாக்கினார். காவல்துறை தலையிடும் அளவுக்கு விவகாரம் முற்றியது. அடுத்த ஆண்டு ஒஸாக்காவில் நடந்த போட்டியில் இனோக்கி அவருடைய கையை முறித்துப் பழிதீர்த்ததாக அறிவிக்கப்பட்டது.

அப்போது 'நியூ ஜப்பான்' நிறுவனத்தின் தலையாய பட்டம் என்.டபிள்யூ.எஃப். எனப்பட்டது. அமெரிக்காவின் பஃபலோ நகரை மையமாகக் கொண்ட அமைப்பின் பட்டம் அது. 1973 டிசம்பரில் இனோக்கி அதை ஜானி பவர்ஸிடமிருந்து பெற்றார். பவர்ஸும் ஹாமில்டன்காரர்தான்! 1975 மார்ச்சில் இனோக்கியை வென்று ஜீத் சிங் அந்தப் பட்டத்தைச் சூடினார். ஜூன் மாதத்தில் இனோக்கி அதை மீட்டார். மூன்றே மாதங்கள்தான் என்றாலும், 'பைத்தியக்கார இந்தியர்' வேடம் தரித்தவரிடம் நாட்டின் முக்கிய பட்டங்களில் ஒன்றை ஒப்படைத்தது சிறிய விடயமல்ல.

அந்த வேடத்துக்கான விலை என்ன என்பது வேறு கேள்வி. சீக்கியருக்குப் புனிதமான தலைப்பாகையும் வாளும் அங்கு அச்சமூட்டும் ஒப்பனைப் பொருட்களாயின. எந்த ஆசியரும் எதிர்நிற்கலாம் என்ற 'அனைத்து ஆசிய' கனவு, இந்தியரைப் பொறுத்தவரை வில்லன் பாத்திரத்தோடு நின்றுவிட்டது. மறுபுறம், வட அமெரிக்காவில் அன்று ஒரு தெற்காசியக் குடியேறிக்கு எளிதில் கிட்டாத வருமானத்தையும் புகழையும் அதே பாத்திரம் அவருக்கு ஈட்டித் தந்தது. மில்டனில் அவர் நிலம் வாங்கியதும் பின்னாளில் அறப்பணிகளில் ஈடுபட்டதும் அந்தப் பணத்தில்தான்.

1981இல் இனோக்கி என்.டபிள்யூ.எஃப். பட்டத்தைத் துறந்தார். உலகப் பட்டங்கள் அனைத்தையும் ஒன்றிணைக்கும் நோக்குடன் ஐ.டபிள்யூ.ஜி.பி. என்ற திட்டம் முன்வைக்கப்பட்டது. 1983இல் நடந்த அதன் முதல் தொடரின் இறுதியில், ஜப்பானியர்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக, அமெரிக்கரான ஹல்க் ஹோகன் இனோக்கியை வென்றார். தொடர்ந்து தக்கவைக்கப்படும் பட்டமாக அது மாறியது 1987இல்தான். 2018 ஜூனில் ஒஸாக்காவில் அதை வென்ற கென்னி ஒமேகா, அப்பட்டத்தைப் பெற்ற முதல் கனடியர். வின்னிபெக்கைச் சேர்ந்த அவர் சரளமாக ஜப்பானிய மொழி பேசி இரசிகர்களின் அன்பைப் பெற்றவர். அவருக்கு வாள் தேவைப்படவில்லை.

இனோக்கி 2022 அக்டோபரில் காலமானார்.